ஆல்பம் ஓடத் தொடங்கிய பிறகு வக்கீலைத் தேடாதீர்கள்

ஓடாத பாட்டுக்குச் சொந்தம் கொண்டாடி இதுவரை யாரும் என் அலுவலகப் படி ஏறியதில்லை. வீட்டு அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, கித்தாரையும் உறுமியையும் கலந்து ஐந்தாறு பாட்டுப் பதிவு செய்யும்போது எல்லோரும் நண்பர்கள்தான். அதில் ஒன்று டிக்டாக்கில் பிடித்துக்கொண்டு, கல்யாண மண்டபம், வானொலி, விளம்பரக் கம்பெனி என்று போகத் தொடங்கும். அப்போதுதான் ‘அந்த ரெண்டு வரி நான் சொன்னதுதானே மச்சான்’ என்ற பேச்சு வரும். கோலாலம்பூரில் தாங்களே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடும் நம் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பதிப்புரிமை விவகாரங்களைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில், பாட்டை வெளியே விடும் முன் அவர்கள் முடித்துக்கொள்ள வேண்டிய சில வேலைகளைச் சொல்கிறேன்.

நாட்டுப்புறமும் பாப்பும் கலந்த ஆல்பம் என்றால் நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆள் டிரேசி சாப்மன். அந்த அமெரிக்கப் பாடகியின் முதல் ஆல்பம், அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு, 1988 ஏப்ரலில் வந்தது. ஜூன் 11ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்குக் கச்சேரி நடந்தது. ஸ்டீவி வொண்டரின் கருவிக்குத் தேவையான வன்தட்டு காணாமல் போக, அவரால் மேடையேற முடியவில்லை. அன்று ஏற்கெனவே பாடி முடித்திருந்த சாப்மனை மறுபடி மேடைக்கு அனுப்பினார்கள். கித்தாரோடு தனியாக நின்று ‘ஃபாஸ்ட் கார்’ பாடினார். தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. ஆகஸ்டில் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன: ஒன்று சமகால நாட்டுப்புற ஆல்பத்துக்கு, ஒன்று பாப் பாடகிக்கு, ஒன்று புதுமுகத்துக்கு.

எனக்குப் பிடித்த விவரம் வேறு. அந்த ஆல்பத்தின் 11 பாட்டுகளுக்கும் எழுதியவர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. 35 வருஷம் கழித்து, 2023இல், லூக் கோம்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் ‘ஃபாஸ்ட் கா’ரைத் தன் குரலில் பாடி வெளியிட்டார். அது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த பாட்டு’ விருது எழுதியவருக்கான விருது என்பதால் சாப்மனுக்குப் போனது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். புதுப் பதிவில் பாடியது வேறொருவர், பதிவை வைத்திருப்பதும் வேறொரு தரப்பு. இருந்தும் அது ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்குப் பங்கு போகிறது. எந்த நண்பரும் ‘நானும் ஒரு வரி சொன்னேன்’ என்று குறுக்கே வரவில்லை.

நம் பிள்ளைகள் முதலில் தடுமாறுவதே இங்கேதான். ஒரு டிராக்கில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி, நம் ஆட்கள் ‘மாஸ்டர்’ என்று சொல்வது, இன்னொன்று. நிலம் ஒருவர் பெயரிலும் அதன் மேல் கட்டிய வீடு இன்னொருவர் பெயரிலும் இருப்பது மாதிரி, இரண்டுக்கும் உரிமையாளர் வேறுவேறாக இருக்கலாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கும் மெட்டுக்கும் பாதுகாப்பு எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான காலத்திலிருந்து 50 ஆண்டுகள்.

சரி, மாஸ்டர் யாருடையது? பாடியவருடையது என்றுதான் பாடியவர் நினைக்கிறார். பதிவு நடப்பதற்கான ஏற்பாட்டைச் செய்தவரையே ஒலிப்பதிவின் ஆசிரியர் என்று சட்டம் பார்க்கிறது. காசு போட்டு, இடம் பிடித்து, வாத்தியக்காரர்களை வரவழைத்தது நீங்கள் என்றால் பெரிய சிக்கல் இல்லை. நண்பர் தன் ஸ்டுடியோவைச் சும்மா கொடுத்து, தானே ஆள் பிடித்து, தானே மிக்ஸிங்கும் செய்து, ‘பிறகு பார்த்துக்கலாம் லா’ என்று சொல்லியிருந்தால்? இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு ஆகும் வக்கீல் செலவில் இன்னொரு ஆல்பமே போட்டுவிடலாம்.

இதைவிட அதிகமாக நான் பார்க்கும் கண்ணீர், ‘எழுதிக் கொடுத்த’ பாட்டுகளால் வருவது. அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். ஓர் இளைஞர் தீபாவளிக்கு ஒரு கடைக்காகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடிக் கொடுத்தார். கிடைத்தது சில நூறு ரிங்கிட். பாட்டு எதிர்பாராமல் பிரபலமாகிவிட்டது. அதையே கொஞ்சம் விரித்துத் தன் ஆல்பத்தில் சேர்க்கப் பார்த்தார். கடையிடமிருந்து வக்கீல் கடிதம் வந்துவிட்டது. ‘நான் பெற்ற பிள்ளைக்கு அவர்கள் எப்படி அப்பனாக முடியும்?’ என்று என்னிடம் கேட்டார். நியாயமான கோபம். ஆனால் சட்டத்தின் 26ஆவது பிரிவு, ஒருவர் சொல்லி இன்னொருவர் செய்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கு மாறிவிட்டதாகவே கருதுகிறது. வேலையில் இருக்கும்போது முதலாளிக்காகச் செய்த படைப்புக்கும் இதே கதி.

இதில் ஒரு விநோதம் உண்டு. பதிப்புரிமையை ஒருவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டம், கேட்டு எழுதி வாங்கிய பாட்டை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கேட்டவர் பக்கம் சேர்த்துவிடுகிறது. படைப்பாளிக்குச் சாதகமான விதி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தப்பிக்கும் வழி அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது: ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’. வேலையை ஏற்கும் முன், ‘பாட்டின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும், இன்ன விளம்பரத்துக்கு, இத்தனை மாதம், இன்ன ஊடகத்தில் பயன்படுத்த அனுமதி தருகிறேன்’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். குறும்படம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, கல்யாணம் என எதற்கு எழுதினாலும் இதுதான். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது தீபாவளிக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

அடுத்து, தோட்டப் பாட்டுகள். பால்மரக் காட்டில் வெட்டுக்காரர்கள் பாடியது, லயத்துத் திண்ணையில் பாட்டிகள் பாடிய தாலாட்டு, கங்காணியைக் கிண்டலடித்த வரிகள். இவற்றை எடுத்துப் புது இசையோடு தருகிற ஆர்வம் இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. எனக்கும் கேட்கப் பிடிக்கும். ஆசிரியர் தெரியாமல் தலைமுறைகளாக வந்த பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் இசைக்கோப்பில் போதிய உழைப்பும் சொந்த முயற்சியும் இருந்தால் அந்தக் கோப்புக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதே பழைய பாட்டை ஈப்போவில் இன்னொருவர் தன் பாணியில் போட்டால் தடுக்க முடியாது. அப்படித் தடுக்கச் சொல்லி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆபத்து எங்கே என்றால், பழசு என்று நாம் நினைப்பது உண்மையிலேயே பழசா என்பதில். ‘எங்க பாட்டி பாடுவாங்க’ என்று கொண்டுவரும் பாட்டு, பாட்டி இளவயதில் டாக்கீஸில் கேட்ட சினிமாப் பாட்டாக இருக்கலாம். பெரிய பாடகர்களுக்கே இது நடக்கிறது. நிக்கி மினாஜ் ஒரு ரெக்கே பாட்டை எடுத்துப் புதுப் பாட்டுச் செய்தார். பிறகுதான், அந்த ரெக்கே பாட்டே சாப்மனின் அதே 1988 ஆல்பத்திலிருந்த ஒரு பாட்டின் மறுவடிவம் என்று தெரிந்தது. அனுமதி கேட்டார், சாப்மன் மறுத்துவிட்டார். மினாஜ் தன் ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் 2018இல் அது நியூயார்க் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கைக்குப் போய் ஒலித்துவிட்டது. சாப்மன் வழக்குப் போட்டார். ஸ்டுடியோவுக்குள் முயன்று பார்த்ததில் தப்பில்லை என்றது நீதிமன்றம். வெளியே போனது எப்படி என்பதை ஜூரி விசாரிக்க வேண்டும் என்றது. விசாரணைக்கு முன்பே, 2021 ஜனவரியில், 450,000 டாலருக்கு வழக்கு முடிந்தது. ஸ்டுடியோவிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ‘கேட்டுப் பாரு’ என்று டெமோ அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாட்டியின் குரலையே போனில் பதிந்து டிராக்கின் தொடக்கத்தில் வைக்கிறீர்களா? பாட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம், ஆனால் பாடிக் காட்டுவது அவர். நாட்டுப்புறக் கலை வடிவத்தைப் பாடுபவரையும் நம் சட்டம் நிகழ்த்துநராக ஏற்கிறது. பதிவு செய்வதற்கே அவர் சம்மதம் வேண்டும். சொந்தப் பாட்டியாகவே இருந்தாலும் நாலு வரி எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பேரன் கேட்டால் மறுக்க மாட்டார். பின்னாளில் பெரியப்பா பிள்ளைகள் பங்கு கேட்டு வரலாம் இல்லையா?

இனி மற்ற காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமை பிறக்க நம் நாட்டில் பதிவு தேவையில்லை. எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்திருந்தால் போதும். என்றாலும் அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் 2012 முதல் விருப்ப அடிப்படையில் படைப்பைப் பதியலாம். தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டுக் குறிப்பு முதல்நிலைச் சான்றாக நிற்கும். பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும், அவர்களுக்கான உரிமத் தொகையை வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் சேர்ந்து ஒவ்வொரு பாட்டையும் பங்கு விகிதத்தோடு பதியுங்கள். மின்னல், ராகா போன்ற வானொலிகளில் ஒலித்தால் பணம் வர வேண்டிய வழி அது. இதே வேலையைச் செய்யும் அமைப்பு ஒலிப்பதிவு உரிமையாளருக்கு பி.பி.எம்., பாடியவர் வாசித்தவருக்கு ஆர்.பி.எம். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும்போது கிடைக்கும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்து வையுங்கள். அது பதிவுக்கான எண், பாட்டுக்கான எண் தனி. ஒப்பந்தங்களுக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். ஸ்டாம்பிங் இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது தேவையில்லாத தலைவலி வரும்.

பங்கு பிரிப்பதற்கான ‘ஸ்பிலிட் ஷீட்’ ஒரே பக்கம்தான். பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், ஆளுக்கு எத்தனை விழுக்காடு, மாஸ்டர் யாருடையது, கையெழுத்து. பதிவு முடிந்த அன்றே, எல்லோரும் தேத்தாரே குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள். நம் ஆட்களுக்கு நண்பரிடம் விழுக்காடு பேசக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் நான் கட்டணமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். யோசனை சொன்னவருக்கெல்லாம் பங்கு தர வேண்டும் என்றில்லை. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரியாகவோ மெட்டாகவோ உருவம் பெற்றதற்குத்தான் உண்டு. ‘அம்மாவைப் பத்தி ஒரு பாட்டு எழுது’ என்று சொன்னவருக்கு நன்றி போதும். பல்லவியையே பாடிக் காட்டியவர் வேறு கணக்கு.

குழுவில் 18 வயது நிரம்பாத தம்பி தங்கைகள் இருந்தால் இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்த வயதுக்குக் கீழ் உள்ளவர் தாமே போட்ட ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. போட்டி நிகழ்ச்சி மேடைக்குப் பின்னால் யாராவது பேனா நீட்டினால், பெற்றோர் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, ‘எல்லா உரிமைகளும்’, ‘நிரந்தரமாக’ என்ற சொற்கள் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும்.