இன்வெர்ட்டர்: மாறுமின்னாக்கி

ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டத்தை (நேர்மின்), திசை மாறிமாறி ஓடும் மாறுதிசை மின்னோட்டமாக (மாறுமின்) ஆக்கும் கருவி.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் ஃபேனை ஓடவைக்கும் பெட்டி. மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் பேட்டரியோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்த சொல் என்பதால் அந்தப் பொருளே ஊன்றிவிட்டது. மாடியில் சோலார் போட்ட பலரும், "இன்வெர்ட்டர்தான் இருக்கே, கரண்ட் போனா ஏன் லைட் எரியல?" என்று கேட்பது இதனால்தான்.

லத்தீனில் 'இன்வெர்ட்டரே' என்றால் தலைகீழாகத் திருப்புதல். மாறுமின்னை நேர்மின்னாக்குவது ரெக்டிஃபையர், பாடநூல் தமிழில் அலைதிருத்தி. அந்த வேலையைத் தலைகீழாகச் செய்வது இன்வெர்ட்டர். ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் 1925இல் இந்தப் பொருளில்தான் இதை எழுதினார். பேட்டரிக்கு இந்தப் பெயரில் இடமே இல்லை. இன்வெர்ட்டர் ஏசிக்குள் பேட்டரியா இருக்கிறது?

சோலார் பேனல் தருவது நேர்மின். வீட்டுக்கு வேண்டியதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின், அதாவது நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இருமுறை திசைமாற்றம். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தின் திசையை நொடிக்கு 100 முறை மாற்றி, ஈபி லைனின் அலையோடு இம்மி பிசகாமல் சேர்க்கின்றன. வீட்டுக்குப் போக மிஞ்சியது இருவழி மீட்டர் வழியே வெளியே போகும். இரவில் ஈபி கரண்ட் உள்ளே வரும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும்.

லைனில் கரண்ட் போனால் இந்த இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயலாம். ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, பழுது அல்ல. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் வகை வேண்டும். பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தமிழில்? 'மின்மாற்றி' கூடாது, அது டிரான்ஸ்ஃபார்மர். 'திசைமாற்றி' பாடநூல்களில், மோட்டாரின் சுருளில் மின்னோட்டத் திசையை மாற்றும் பாகமான கம்யூட்டேட்டருக்குப் போய்விட்டது. 'புரட்டி' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் எதைப் புரட்டுகிறது என்று தெரியாது. மாறுமின்னை ஆக்குவதால் 'மாறுமின்னாக்கி' என்பதே என் தேர்வு. கடையில் இன்வெர்ட்டர் என்றே கேளுங்கள், எழுதும்போது இதை எழுதுங்கள்.

பயன்பாடு: "மாறுமின்னாக்கியை நேர் வெயில் படாத, காற்றோட்டமான சுவரில் மாட்டவும்."