சினை ஊசிக் குச்சியில் என்ன எழுதியிருக்கிறது?

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், மடியைத் தடவுவார்கள், கறந்து காட்டச் சொல்வார்கள். அப்புறம் துண்டுக்குள் விரல் பிடித்து அரை மணி நேரம் பேரம் நடக்கும். அதே ஆள் வீட்டுக் கிடேரி பருவத்துக்கு வந்து கத்தினால், "ஊசி போடணுங்க டாக்டர், சீக்கிரம் வாங்க" என்று ஒரு போன், அதோடு சரி. காளையின் உறைவிந்தைச் செலுத்திச் சினையாக்கும் சினை ஊசியைத்தான் சொல்கிறார். என்ன காளை, எந்த நம்பர், அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிறக்கிற கன்றை விற்கத்தான் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. கிடேரியாகப் பிறந்து, அதையே கட்டுத்தரையில் வளர்த்துக் கறக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. இன்று ஊசி போட்டால் ஒன்பது மாதத்தில் கன்று. அது சினைக்குத் தயாராக ஒன்றரை வருடம். அதன் வயிற்றில் இன்னொரு ஒன்பது மாதம். இன்று தப்பான காளையைப் போட்டிருந்தால், தீனி போட்டு வளர்த்து மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவே வரும்.

கன்றுக்குப் பாதி தாய், பாதி தகப்பன். இது எல்லோருக்கும் தெரியும். இதையே மூன்று தலைமுறைக்கு ஓட்டிப் பாருங்கள். மகளில் முதல் காளைக்கு 50 சதவீதம். பேத்திக்கு வரும்போது இரண்டு காளைகளும் சேர்ந்து 75. கொள்ளுப்பேத்தியில் மூன்று காளைகளும் சேர்ந்து 87.5. பாட்டியைப் பார்த்துப் பார்த்து வாங்கினீர்களே, அவள் பங்கு மிச்சமிருக்கும் 12.5 தான். கட்டுத்தரையில் ஒருநாள்கூட நின்றிராத காளைகள்தான் உங்கள் மந்தையின் பெரும்பங்கு.

இந்த எண்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. "கறுப்பு வெள்ளையே போடுங்க, பால் ஜாஸ்தி" என்று ஒவ்வொரு முறையும் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) இனத்தையே கேட்பவர்கள் நிறைய. பாதி சீமை ரத்தமுள்ள மாட்டுக்கு முழு ஹெச்.எஃப். காளையைப் போட்டால் கன்றுக்கு 75 சதவீதம் சீமை ரத்தம், அதற்கும் அதையே போட்டால் 87.5. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் சரி. ஈரோட்டு மே மாத வெயிலில் அந்த மாடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சிரைக்கும், தீனி குறைக்கும், பருவத்தைக் காட்டாது, ஊசி போட்டாலும் நிற்காது. சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைக்கு ஹெச்.எஃப். என்று தமிழ்நாட்டில் பிரித்து வைத்ததற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே சீமை ரத்தம் ஏறிப்போன கிடேரிக்குக் கலப்பினக் காளையின் விந்தே போதும். பாலில் ஜெர்சி கொஞ்சம் குறைவுதான். ஆனால் அதன் பாலில் கொழுப்பு அதிகம், பால் சொசைட்டியில் கொழுப்புக்கும் சேர்த்துத்தானே விலை போடுகிறார்கள்?

தலையீத்துக்கு, அதாவது முதல் கன்றுக்கு, இன்னொரு கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் நடு ராத்திரியில் ஒரு கூப்பாடு. சின்னக்கட்டு ஜெர்சி கலப்புக் கிடேரி, தேறினால் 190 கிலோ. பெரிய ஹெச்.எஃப். காளையின் ஊசி போட்டிருக்கிறார்கள். நான் போகும்போது கன்றின் இரண்டு முன்னங்கால்களும் வெளியே தெரிந்தன, நாக்கு நீலம் பாரித்திருந்தது. கயிறு கட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். செத்த கன்றுதான் வந்தது. இடுப்பு நரம்பு நசுங்கி, தாய் நாலு நாள் எழவில்லை. அந்த வீட்டு அம்மா சாக்கை மடித்து மடித்து அதன் அடியில் போட்டுக்கொண்டே இருந்தார். காளை நல்ல காளைதான். அந்தக் கிடேரிக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

கலப்பினக் கிடேரி 250 கிலோவுக்கு வரட்டும். தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை உள்ள நீளத்தால் அதைப் பெருக்கி 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 58, நீளம் 49 என்றால் 250 கிலோ ஆகிவிட்டது. அப்போதும் முதல் ஊசி ஜெர்சியாக இருக்கட்டும்.

சரி, குச்சிக்கு வருவோம். பேனா ரீஃபிலைப் போல மெல்லிதாக இருக்கும், உள்ளே கால் மில்லி உறைவிந்து. அதன் மேலேயே பொடி எழுத்தில் காளையின் இனமும் நம்பரும் அச்சிட்டிருப்பார்கள். ஊசி போட்டதும் அது எருக்குழிக்குப் போய்விடும். அந்த நம்பர் இருந்தால்தான் தாயின் கறவையையும் கொழுப்பையும் விந்து நிலையத்துப் பட்டியலில் தேட முடியும். பாலை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் காளையின் மகள்களைப் பற்றிய தகவல் இருந்தால் மடிக்கட்டு, காம்பு, குளம்பு எப்படி என்றும் கேளுங்கள். மடி தொங்கினால் மடிநோய் வரும், எத்தனை லிட்டர் கறந்து என்ன பயன்? கிடேரியே வேண்டும் என்றால் பாலினம் பிரித்த விந்து இருக்கிறது, பத்துக்கு ஒன்பது கிடேரி எதிர்பார்க்கலாம். சினை பிடிப்பது சற்றுக் குறைவு என்பதால் அதை நல்ல கறவையின் வயிற்றுக்கு வையுங்கள், சுமாரான மாட்டில் செலவழிக்க வேண்டாம்.

நம்பர் இல்லாவிட்டால் வரும் பெரிய கேடு, தகப்பனையே மகளுக்குப் போடுவது. ஊரில் சினைக்கு விடும் ஒரே பூச்சிக்காளை மூன்று வருடம் நின்றால் அதன் மகள்களே அதனிடம் வந்து நிற்கும். குச்சியிலும் இது நடக்கும், ஒரே காளையின் விந்து வருடக்கணக்கில் அதே வட்டாரத்துக்கு வரலாம். அப்படிப் பிறக்கும் கன்றுகள் சவலையாக இருக்கும், சினை பிடிக்கத் தடுமாறும்.

காங்கேயம் பக்கம் ஒரு பெரியவர் வெற்றுக் குச்சிகளைத் தூக்கி எறிவதில்லை. கட்டுத்தரைக் கூரை ஓலையில் வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் மாட்டின் பேர் எழுதிய துணுக்கு நூலால் கட்டியிருக்கும். போன தை மாதம் அவருடைய கிடேரிக்கு ஊசி போடப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையிலிருந்த குச்சியை வாங்கிப் பார்த்தார். பிறகு ஓலையிலிருந்து ஒன்றை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே நம்பருங்களே. இது இவ அப்பன் இல்லீங்களா?"

அன்று என்னிடம் வேறு ஜெர்சிக் குச்சி இல்லை. அடுத்த பருவம் வரை பார்க்கலாம் என்றேன். "21 நாள் தீனி தண்டம்" என்று முனகிக்கொண்டேதான் சம்மதித்தார். அடுத்த முறை வேறு நம்பர் கொண்டுபோனேன். கிடேரி இப்போது ஆறு மாதச் சினை. அந்தக் குச்சியும் ஓலையில் ஏறிவிட்டது.