வளைந்தே வரும் பெட்ரோல் குழாய்

ஐம்பது வருடம் ஓடிய ஜீப் ஒன்றின் அடியிலிருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றித் தரையில் போட்டுப் பாருங்கள். யாரோ கோபத்தில் முறுக்கி எறிந்த கம்பி மாதிரி இருக்கும். மூன்று மீட்டர் நீளத்துக்குள் பத்துப் பதினைந்து வளைவுகள். ஒன்று மேலே போகும், அடுத்தது பக்கவாட்டில் திரும்பும், சில வளைவுகள் ஏன் இருக்கின்றன என்றே புரியாது. புரியாத வளைவுதான் பெரும்பாலும் முக்கியமானது. சூடான புகைக்குழாய், பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு எழும்பி வந்து முட்டும் இடம், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸின் குறுக்குச் சட்டம் என்று எதையோ விலகிப் போவதற்காகவே அது அங்கே இருக்கிறது.

1966 முதல் 1977 வரை வந்த முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோ, டொயோட்டாவின் எஃப்ஜே40, ஜீப்பின் சிஜே வரிசை எல்லாமே ஏணி போன்ற சேசிஸின் மேல் பாடியை உட்காரவைத்து போல்ட் போட்ட வண்டிகள். பாடி ஏறாத வெறும் சேசிஸில் குழாய் பதிப்பது சுலபமான வேலை. நமக்கு வாய்ப்பது வேறு. முதுகைத் தரையில் வைத்து, முகத்தில் துரு உதிர, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே விரல் நுழையும் சந்தில் அதே குழாயைச் செருக வேண்டும். அந்தக் கஷ்டத்தைப் பாதியாகக் குறைப்பதற்குத்தான் பழைய குழாயின் வடிவத்திலேயே வளைத்துத் தயாராகக் கிடைக்கும் மாற்றுக் குழாய்கள்.

பழையது ஏன் போகிறது? அது ஈய-வெள்ளீயக் கலவை பூசிய சாதாரண எஃகு. கிளிப்புக்கும் சேசிஸுக்கும் இடையே சேறு புகுந்துகொண்டால் வாரக்கணக்கில் ஈரம் காயாது. அரிப்பு அங்கேதான் தொடங்கும். உள்ளேயும் ஆபத்து உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீர் பிரிந்து, வண்டி நிற்கும் நிலையில் எந்த வளைவு தாழ்வாக இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். அதனால் வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய்கூட அடிவளைவில் இற்றுப்போயிருக்கலாம்.

இங்கே ஒரு விசித்திரம். இந்த வண்டிகளில் பலவற்றின் பம்ப் இன்ஜினில்தான் இருக்கிறது, இன்ஜினோடு சுழலும் மேடுள்ள தண்டான கேம் ஷாஃப்ட் அதைத் தட்டித் தட்டி இயக்கும். ஆக, டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள நீளம் முழுவதும் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் ஊசித்துளை விழுந்தால் இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே நனையவே இல்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம். மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது. இரவில் அந்தத் துளை வழியே காற்று புகுந்து, குழாயில் நின்ற பெட்ரோல் மொத்தமும் டேங்குக்கே திரும்பியிருக்கும். நான் முதலில் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை அதைப் பிரித்துக் கழுவிப் பூட்டினேன். கார்புரேட்டர் சுத்தமானதுதான் மிச்சம்.

உறிஞ்சுவதில் இன்னொரு சிக்கல், கொதிநிலை. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசான பங்கு, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 35-40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அழுத்தம் குறைந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். டேங்கில் உள்ள பெட்ரோலை அரை மீட்டர் மேலே தூக்க மட்டும் சுமார் 3.6 கிலோபாஸ்கல் உறிஞ்சு அழுத்தம் தேவை. அது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் மூன்றரைப் பங்கு. அந்த நிலையில் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போனால் உள்ளேயே ஆவிக் குமிழ்கள் கிளம்பும். பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்தது. ஆவியைக் கொடுத்தால் அதை நசுக்கி விரித்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. வெயிலில் ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி நிற்பதும், அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புவதும் இதனால்தான். அந்த ‘புரியாத’ வளைவு காப்பாற்றுவது இந்த இடைவெளியைத்தான்.

வளைவு அதிகமானால் பெட்ரோல் ஓட்டம் தடைபடுமே என்ற கவலையும் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மூன்று மீட்டர் குழாயில் மணிக்கு 15 லிட்டர் ஓடினால், உராய்வில் போகும் அழுத்தம் 130 பாஸ்கல் அளவுதான். மேலே தூக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. நல்ல வளைவுகள் சில கூடினாலும் பெரிதாக மாறாது. நசுங்கிய வளைவு வேறு கதை. குழாயின் ஆரம் பாதியானால் அந்த இடத்தின் தடை பதினாறு மடங்காகும், ஏனென்றால் தடை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

ஏன் நசுங்குகிறது? குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கச் சுவர் இழுபடுகிறது, உள்பக்கச் சுவர் அமுங்குகிறது. இரண்டுமே அந்த வேதனையைக் குறைத்துக்கொள்ள நடு அச்சை நோக்கி நகரப் பார்க்கும். அதனால் வட்டமான குறுக்குவெட்டு முட்டை வடிவமாகும். முட்டையானதும் வளைவை எதிர்க்கும் பலம் குறையும், பலம் குறைந்ததும் இன்னும் முட்டையாகும். ஒரு கட்டத்தில் ‘டப்’பென்று மடிந்துவிடும். முழங்காலில் வைத்து வளைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வளைக்கும் இயந்திரம், குழாய் சரியாகப் பொருந்தும் பள்ளம் வெட்டிய உருளையைச் சுற்றி அதை இழுக்கிறது. சுவர்கள் விலகிப் போக இடமே இருக்காது.

இயந்திரத்துக்கு ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று எண்கள் போதும்: எவ்வளவு நீளம் முன்னே தள்ளுவது, எவ்வளவு சுழற்றுவது, எத்தனை டிகிரி வளைப்பது. ஒழுங்கான மூலக் குழாய் ஒன்றை அளந்துவிட்டால் அதன் முழு வடிவமும் இந்த எண்களின் வரிசையாகிவிடும். ஆனால் 90 டிகிரி வேண்டுமென்றால் 90 டிகிரி வளைத்தால் போதாது. பிடியை விட்டதும் உலோகம் இரண்டு மூன்று டிகிரி திரும்பி விரியும், ஏனென்றால் வெளிச்சுவர் நிரந்தரமாக நீண்டுவிட்டாலும், நடு அச்சை ஒட்டிய பகுதி இன்னும் ஸ்பிரிங் போலத்தான் இருக்கிறது. அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் அதிகமாகவே வளைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது நம்ம எவர்சில்வர், சாதாரண எஃகைவிட அதிகமாகத் திரும்பும். வளைக்க வளைக்க இறுகவும் செய்யும்.

இவ்வளவு செய்தும் குழாய் கச்சிதமாக உட்காராது. விற்றவரைத் திட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. முதல் வளைவில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், ஒரு மீட்டர் தள்ளி அது 17 மில்லிமீட்டர் விலகல். மூன்று மீட்டர் தள்ளி 5 சென்டிமீட்டர். ஐம்பது வருடம் பாறையில் மோதிய சேசிஸும் வரைபடத்தில் இருந்த மாதிரி இருக்காது. இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். கடைசி முனை 2 சென்டிமீட்டர் விலகி நின்றால், முனையைப் பிடித்து இழுக்காமல் தொடக்கத்துக்கு அருகில் உள்ள நேரான பகுதியில் கையால் மெல்ல அழுத்தினால் போதும். அரை டிகிரிக்கும் குறைவான திருத்தத்தில் முனை இடத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே உள்ள வளைவில் கை வைக்காதீர்கள். அங்கே உலோகம் இறுகிவிட்டது.

நீளமான குழாயைப் பெட்டியில் அடைக்க நடுவில் பெரிய ஆரத்தில் மடக்கி அனுப்புவதும் உண்டு. அதை நாமே விரித்து நேராக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை. 8 மில்லிமீட்டர் குழாயை 200 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கினால் வெளிச்சுவர் நீள்வது 2 சதவீதம்தான். 24 மில்லிமீட்டர் ஆரத்தில் என்றால் அது 17 சதவீதமாகிவிடும். முதலாவதைப் பிரித்து நேராக்கலாம், இரண்டாவதைப் பிரிக்க நினைக்கவே கூடாது.

எந்த உலோகம் நல்லது? சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிக்கு ஸ்டெயின்லெஸ், கையால் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும் என்றால் செம்பு-நிக்கல் கலவை, அசல் தோற்றம்தான் வேண்டும் என்றால் பூச்சுள்ள எஃகு. வெறும் செம்பு மட்டும் வேண்டாம். அதிர அதிர இறுகி விரிசல் விடும், பெட்ரோலைப் பிசினாக்கும் வேதிவினையையும் தூண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்கை வடிக்க வேண்டும். காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பது தப்பு. நிறைந்த டேங்கைவிட, ஆவியும் காற்றும் கலந்த காலி டேங்க்தான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து நாம் படுத்திருக்கும் இடத்துக்கே வரும். அதனால் வண்டிக்கடியில் குழி வெட்டிய இடத்தில் இந்த வேலை வேண்டாம். சூடான இழை கொண்ட விளக்கும் வேண்டாம்.

பழைய குழாயை முடிந்தவரை முழுசாக எடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ரம்பத்தைத் தொடாமல் குழாய் வெட்டியைச் சுற்றி வெட்டுங்கள், துண்டுகளை வரிசையாக வையுங்கள். புதியதை அதன் பக்கத்தில் கிடத்திப் பார்த்தால் எது முன், எது பின், எது தலைகீழ் என்பது அப்போதே தெரிந்துவிடும். கல் அடிக்கும் இடத்தில் பழைய குழாயின் மேல் கம்பிச்சுருள் சுற்றியிருந்தால் புதியதிலும் அது இருக்கிறதா பாருங்கள். அப்புறம் உள்ளே காற்று ஊதி, வெட்டுத்தூளை வெளியேற்றி, இரு முனையையும் டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் செருக வேண்டும்.

செருகும்போது ஒரே விதி, எதையும் உடனே இறுக்காதே. எல்லா கிளிப்பும் தளர்வாகத் தொங்கட்டும், எல்லா நட்டும் விரலால் மரையில் நாலு சுற்று ஏறட்டும். நட்டு விரலால் ஏறவில்லை என்றால் குழாய் நேராக நோக்கவில்லை என்று அர்த்தம். ஸ்பேனரால் ஏற்றினால் மரை குறுக்கே வெட்டும், குழாயும் வாழ்நாள் முழுக்க அந்த இழுவிசையைச் சுமந்துகொண்டே அதிரும்.

இணைப்பு கசியாமல் இருப்பதற்குக் காரணம் மரை என்று பலர் நினைத்து அதில் டேப் சுற்றுகிறார்கள். மரையின் வேலை அழுத்துவது மட்டும். அடைப்பது, விரித்துவிடப்பட்ட குழாயின் வாயும் அது போய் உட்காரும் கூம்பும். நட்டை இறுக்க இறுக்க, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நசுங்கி உலோகம் உலோகத்தோடு ஒட்டும். எஃகு இதற்குச் சுலபமாக இணங்கும். ஸ்டெயின்லெஸ் கடினமானது. அதை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி இரண்டு மூன்று முறை உட்காரவைக்க வேண்டும். மேலும் மேலும் பலம் கொடுத்தால் வாய் விரிசல் விடும். இன்னொன்று, பழைய வண்டிகளில் வாய் பொதுவாக 45 டிகிரியில் விரிந்திருக்கும். பந்தயப் பொருட்களில் 37 டிகிரி வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும், கசிவு நிச்சயம்.

கிளிப்புகள் சின்ன விஷயம் போலத் தெரியும். எனக்கென்னவோ, குழாயின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவைதான். இரண்டு கிளிப்புக்கு நடுவே உள்ள குழாய் ஒரு வீணைத் தந்தி மாதிரி, இன்ஜினின் அதிர்வும் அதன் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் குதிக்கத் தொடங்கும். கிளிப் இடைவெளியைப் பாதியாக்கினால் அந்த இயல்பு அதிர்வெண் நான்கு மடங்காகி இன்ஜினின் எல்லைக்கு வெளியே போய்விடும். தொழிற்சாலை போட்ட கிளிப் துளை ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் கிளிப்புக்குள் ரப்பர் இருக்கட்டும். அது அதிர்வையும் தின்னும், இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டு மின்கலம் போலாகி சேசிஸை அரிப்பதையும் தடுக்கும்.

சேசிஸில் இருந்து பம்புக்குப் போகும் கடைசி ஜாணை மட்டும் உலோகத்தில் போடக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் சேசிஸே முறுக்கிக்கொள்கிறது. அங்கே ரப்பர் ஹோஸ்தான், அதுவும் எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸ். பழையது மென்மையாகி உறிஞ்சும்போது உள்வாங்கிச் சுருங்கும். முன்பே வளைத்த குழாய்க்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. உங்கள் வண்டிக்கு வேறு இன்ஜின் மாற்றியிருக்கலாம், புகைக்குழாய் இடம் மாறியிருக்கலாம். அசல் வழி இப்போது சூட்டின் பக்கத்தில் போகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டேங்கோடும் பம்போடும் இணைப்பதற்கு முன் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பால் லேசாகக் காற்று கொடுத்து, நடுவே உள்ள இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழ் எதுவும் இல்லை. இணைத்துவிட்டு நாலு லிட்டர் மட்டும் ஊற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஃபில்டர் ஒன்று போட்டிருந்தேன். முதலில் நுரை வந்தது, பிறகு பெரிய குமிழ்கள், பிறகு ஒன்றிரண்டு, கடைசியில் தெளிந்த பெட்ரோல் மட்டும். அன்று இரவு அப்படியே விட்டுவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தபோது ஃபில்டர் நிறைந்தே இருந்தது, முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.