செடித் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

போன மாதம் ஒரு வீட்டில் உள்ளே செடி வளர்க்கும் இரண்டடி மீன் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடியெல்லாம் பச்சை. அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலையில் ஒட்டியிருந்த பச்சைப் புள்ளிகள் நகத்தால் சுரண்டியும் வரவில்லை. "உரம் போடுறோம், வாராவாரம் தண்ணி மாத்துறோம், லைட்டும் பெரிசாத்தான் சார் வாங்கினோம்" என்றார் வீட்டுக்காரர். அந்த லைட்டைக் காலையில் எழுந்ததும் போட்டு, ராத்திரி படுக்கும்போதுதான் அணைக்கிறார்களாம். சிக்கலே அதுதான்.

வெளிச்சம் போதாமல் கெட்ட தொட்டிகளைவிட மிஞ்சிப்போய்க் கெட்டவற்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வெளிச்சம் கூடக்கூட, செடி கரியமில வாயுவையும் நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு போன்ற சத்துகளையும் அதிகம் கேட்கும். கிடைக்காவிட்டால் வளர்ச்சி தேங்கும். மிச்ச வெளிச்சத்தில் பாசி வளரும். அதனால் என்னிடம் லைட் கேட்டு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "சிலிண்டர் வைக்கப் போறீங்களா?" என்றுதான். தொட்டி நீருக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிலிண்டரைச் சொல்கிறேன்.

லிட்டருக்கு இத்தனை வாட்ஸ் என்ற கணக்கு டியூப்லைட் காலத்தோடு போயிற்று. எல்இடி வாங்கும்போது பெட்டியில் லுமென், அதாவது லைட் தரும் வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லுமென் தாராளம். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரமுள்ள தொட்டியில் சுமார் 65 லிட்டர் பிடிக்கும். 1,000 முதல் 1,300 லுமென் போதும். தரையில் புல்போலப் படரும் செடிகளுக்கும் செக்கச்செவேல் செடிகளுக்கும் லிட்டருக்கு 40 லுமெனுக்கு மேல் வேண்டும், கூடவே சிலிண்டரும் வேண்டும். தொட்டி உயரமாக இருந்தால் அடியில் சேரும் வெளிச்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மூன்றும் குறைந்த வெளிச்சத்திலேயே நிம்மதியாக வளரும். நம் தொட்டிகளில் இருக்கும் கிரிப்டோகோரைன் வென்டி, இலங்கையின் ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுப்பது இவற்றைத்தான்.

லைட்டின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 6,500 கெல்வினை ஒட்டிய வெள்ளை போதும். ஊதா லைட்டில் செடி வளராமல் போகாது, ஆனால் இலை கறுத்துத் தெரியும், மீனின் நிறமும் செத்துவிடும். நீலம் தூக்கலான லைட் கடல் பவளத் தொட்டிக்கானது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள்.

லைட்டோடு சேர்த்து ஒரு டைமரும் வாங்கிவிடுங்கள். புதுத் தொட்டிக்கு முதல் ஆறு வாரம் தினமும் 6 மணி நேரம் போதும்; செடி பிடித்த பிறகு 8 வரை போகலாம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

அந்த வீட்டில் புள்ளி விழுந்த இலைகளைக் கத்தரித்தேன். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாலை 4 முதல் இரவு 10 வரை டைமர் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: லைட்டின் வயர் நேராக இறங்கி பிளக்கில் முடிந்திருந்தது. தொட்டியிலிருந்து வழியும் நீர் வயர் வழியாகவே பிளக்குக்குள் போய்விடும். குழந்தைகள் நடமாடும் கூடம் அது. வயரை பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டினேன். இனி நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உங்கள் தொட்டியின் வயரையும் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.