ஜெர்மன் காட்டில் மழையோடு தனியாகச் சைக்கிள்: முதலில் விரல்களைக் கவனியுங்கள்

உடம்பு குளிர்ந்துபோய் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் எல்லாம் ஜனவரிப் பனியில் மாட்டிக்கொண்டவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் (கருங்காடு) மலையடிவாரத்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கு மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில்தான் பயம். காலையில் 16 டிகிரி, அரைக்கால் சட்டையோடு கிளம்பியிருப்பார்கள். மதியம் மலைமேல் மழை, 8 டிகிரி. உறைபனிக்கு அது பக்கத்தில்கூட இல்லைதான். ஆனால் நனைந்த உடம்புக்கு அதுவே போதும். உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஏற்றத்தில் தசைகள் அடுப்பாக எரியும். மழைக்கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டும். மேலே போய்ச் சேரும்போது உள்ளேயும் ஈரம், வெளியேயும் ஈரம். அப்புறம் இறக்கம். இங்குள்ள ஃபெல்ட்பெர்க் மலைப் பக்கம் சாலை 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃப்ரைபுர்க் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே. மிதிக்கவே வேண்டாம், உருண்டு போகலாம். மிதிக்காத கால் சூடும் தராது. எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஈரக்காற்று. ஏறி முடித்த நிம்மதியில் இருக்கும்போதுதான் குளிர் வேலையைக் காட்டும்.

முதலில் போவது விரல்கள். நெஞ்சு, வயிற்றுச் சூட்டைக் காப்பாற்ற உடம்பு கைகால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்க வேண்டிய விரல்கள் மரத்துப்போகும். சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ஈரத்தில் ஏற்கெனவே தாமதமாகத்தான் பிடிக்கும். வளைவில் நனைந்த பீச் மர இலைகள் கிடந்தால் சொல்லவே வேண்டாம். மழையில் பெரிய இறக்கத்துக்கு முன் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பாதியில் ஒருமுறை நிறுத்தி மறுபடியும் தொடுங்கள். தொட முடியவில்லையென்றால் வண்டியில் ஏறாதீர்கள்.

உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை மருத்துவத்தில் தாழ்வெப்பநிலை என்போம். நடுக்கத்தோடு நாக்கு குழறும், நடை தடுமாறும். கூடவே முடிவெடுக்கும் புத்தியும் மழுங்கும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் உளறுவதை மற்றவர் கவனிப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த இன்னொருவர் இல்லை. எங்களிடம் வந்த ஒருவரின் பையில் காய்ந்த கம்பளிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஹெல்மெட் வாரை நர்ஸ்தான் கழற்றிவிட்டார். காதுத் தெர்மாமீட்டர் 31 காட்டியது. நனைந்த காதில் அது குறைத்துத்தான் காட்டும், உள்ளே அளந்தபோது 34. தப்பித்தார்.

அதனால் முடிவைப் புத்தி தெளிவாக இருக்கும்போதே, அதாவது கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். நடுக்கம் தொடங்கினால் அடுத்த ஷுட்ஸ்ஹுட்டவில் நிறுத்துவேன் என்பதைப் போல ஒரு விதி போதும். காட்டுப் பாதைகளில் அங்கங்கே இருக்கும் மரக்குடில்தான் ஷுட்ஸ்ஹுட்ட. மழைக்கு ஒதுங்க அங்கே யாரும் தடை சொல்லமாட்டார்கள். ஈர உடையை முழுக்கக் கழற்றுங்கள். வெறும் உடம்பில் காய்ந்ததைப் போடுங்கள், தலையை மூடுங்கள், சாக்லேட்டோ சர்க்கரையோ சாப்பிடுங்கள். நடுங்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும். ஷ்னாப்ஸ் போன்ற மது வேண்டவே வேண்டாம்: தோல் ரத்தக் குழாய்களை விரித்து உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். நடுக்கம் தானாக நின்றுவிட்டது, ஆனால் தூக்கம் வருகிறது என்றால் அது குணமாவதன் அறிகுறி அல்ல. சுமார் 32 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். அப்போது அவசர உதவி எண் 112தான்.

பருத்தி உடை, ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். இறகு ஜாக்கெட் நனைந்தால் பிரயோஜனமில்லை. ஒரு செட் காய்ந்த உடை நீர்புகாப் பையில் எப்போதும் இருக்கட்டும். மெல்லிய கம்பளிக் கையுறைமேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டால் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். கடையில் விற்கும் பல கையுறைகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

112 பற்றி ஒரு விஷயம். ஜெர்மனியில் சிம் இல்லாத போனிலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு போகாது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் போகும், முயன்று பாருங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை மசியாது. பக்கவாட்டுப் பொத்தானால் அவசர அழைப்பு செய்வதை வீட்டிலேயே பழகுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல காட்டில் நட்டிருக்கும் ரெட்டுங்ஸ்புங்க்ட் (மீட்பு இடம்) பலகை உதவும். பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை, கூடவே எழுத்தும் எண்ணும். அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எந்தக் காட்டுப் பாதையில் வர வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹில்ஃப இம் வால்ட்’ செயலியும் பக்கத்துப் பலகையைக் காட்டும்.

கடைசியாக உண்ணி. ஈரக்காடு அதற்குக் கொண்டாட்டம். 7 டிகிரி தாண்டினாலே சுறுசுறுப்பாகிவிடும். மரத்திலிருந்து குதிப்பதில்லை, புல்லிலும் புதரிலும் உட்கார்ந்திருக்கும். இரவில் தொடையிடுக்கு, அக்குள், முழங்கால் மடிப்பைத் தடவிப் பாருங்கள். லைம் நோய் தரும் போரெலியா கிருமி பரவப் பொதுவாகப் பல மணி நேரம் ஆகும், அன்றிரவே பிடுங்கினால் ஆபத்து குறைவு. ஆனால் மூளைக்காய்ச்சல் தரும் எஃப்.எஸ்.எம்.இ வைரஸ் கடித்த சற்று நேரத்திலேயே உள்ளே போய்விடும். பாடன்-வுர்டெம்பெர்க், பவேரியா ஆகிய தென் ஜெர்மன் மாநிலங்கள் இரண்டிலும் பெரும்பகுதி ஆபத்துப் பகுதிதான். தடுப்பூசி மூன்று தவணை. குளிர்காலத்திலேயே தொடங்கினால் உண்ணிக் காலம் வருவதற்குள் முதல் இரண்டும் முடிந்துவிடும்.