ஆர்த்தோகிராபிக்னா என்ன? செவ்வீழலும் அரை உயரமும்

தண்டையார்பேட்டைல எங்க தெருப் பையன் ஒருத்தன் யூனிட்டின்ற கேம் பண்ற சாஃப்ட்வேர்ல தாயக்கட்டம் மாதிரி ஒரு கேம் பண்ணிட்டு இருக்கான். போன வாரம் வந்து "அண்ணே, ஆர்த்தோகிராபிக் கேமராக்கு சைஸ் 10னு போட்டேன், பத்து கட்டம்தான வரணும், இருபது கட்டத்துக்கு இடம் வருது, இன்னாண்ணே இது"ன்னு கேட்டான். அவன் கணக்கு சரிதான், பேருலதான் கோளாறு. அதனால பேருலருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆர்த்தோஸ்னா கிரேக்கத்துல நேரானது, சரியானது. கிராபெய்ன்னா எழுதுறது, வரையிறது ரெண்டும்தான். அதனாலதான் இங்கிலீஷ்ல பிழையில்லாம எழுதுற முறைக்கும் ஆர்த்தோகிராபின்னே பேரு. படம் சம்பந்தமாவும் இது பழைய சொல்லு, கி.மு. முதல் நூற்றாண்டுலயே ரோம்ல விட்ருவியஸ்ன்ற கட்டடக்கலைஞர், கட்டடத்தோட முகப்பை நேரா பாத்து வரையிற படத்தை ஆர்த்தோகிராபியான்னு எழுதி வெச்சிருக்கார். புரொஜக்‌ஷன் (ஒண்ணோட உருவத்தை ஒரு பரப்பு மேல விழ வெக்கிறது) லத்தீன், முன்னால எறியிறதுன்னு அர்த்தம். இலங்கைத் தமிழ்ல அதை எறியம்னு எடுத்துக்கிட்டாங்க, நம்ம ஸ்கூல் கணக்கு புக்குல வெக்டர் பாடத்துல வீழல்னு இருக்கும்.

எனக்கு வீழல்தான் மனசுக்கு ஒட்டுது. நிழல் விழுதுன்னுதான நாம பேசுறோம். காலைல ஜன்னல் கிரில் வழியா வெயில் தரைல விழுறத கொஞ்சம் உக்காந்து பாருங்க, கட்டமெல்லாம் சாஞ்சு நீண்டுதான் விழும், ஆனா முதல் கட்டமும் கடைசி கட்டமும் ஒரே அளவு, ஏன்னா சூரியன் அவ்ளோ தூரத்துல இருக்கறதால கதிரெல்லாம் இணையா வருது. அதே கிரில்லுல ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் விழட்டும், வீட்டுக்குள்ள போகப் போக கட்டம் பெருசாகிட்டே போகும். விளக்கு கிட்ட இருக்கு, கதிர் ஒரு புள்ளிலருந்து விரியுது. தெருவிளக்கு மாதிரி இருக்குற பெர்ஸ்பெக்டிவ் கேமராக்கும் வெயில் மாதிரி இருக்குற ஆர்த்தோகிராபிக் கேமராக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இதுதான்.

இணையா வந்தா மட்டும் பத்தாது, நேராவும் விழணும். சென்னைக்கு வருசத்துல ரெண்டு நாள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல, உச்சி வெயில் தலைக்கு நேர் மேல நிக்கும். அன்னிக்கு மொட்டை மாடில ஒரு கம்பி வலையைப் படுக்கையா புடிச்சா, வலை என்ன அளவோ அதே அளவுல நிழல் விழும். அதுதான் அசல் ஆர்த்தோகிராபிக்.

இந்த நேருக்குத் தமிழ்ல செம்மைன்னு ஒரு சொல் ரொம்ப நாளா இருக்கு. செங்கோணம், செங்குத்து, செவ்வகம் எல்லாத்துலயும் இருக்கறது அந்தச் செம்மைதான். ஆர்த்தோஸ்ல இருக்குற நேர், சரி ரெண்டு அர்த்தமும் இதுலயும் இருக்கு. செங்குத்து வீழல்னு சொல்றது சரிதான், தப்பில்ல. ஆனா செவ்வானம் மாதிரி செவ்வீழல்னு சேத்துச் சொன்னா சொல்லும் சின்னது, வாயிலயும் நிக்கும், நான் அப்படித்தான் சொல்றேன். கேம் பலகைல கட்டம் கட்டமா இருக்குற கிரிட்டுக்குப் புதுசா எதுவும் வேணாம். அது மீனைத் தணல் மேல வெச்சு சுடுற இரும்புக் கம்பித் தட்டியோட பேருலருந்து சுருங்கி வந்தது, நமக்கு லுங்கிலருந்து ஜாதகம் வரைக்கும் கட்டம்தான்.

இப்ப சைஸ். யூனிட்டில அந்த எண் நடுவுலருந்து மேல் விளிம்பு வரைக்கும் உள்ள தூரம், அதாவது தெரியிற உயரத்துல பாதி. செவ்வீழல் கடைசில எல்லாத்தையும் -1லருந்து 1 வரைக்கும் உள்ள பெட்டிக்குள்ள அடக்குது, நடுவு பூஜ்ஜியம், அதனாலதான் பாதிக் கணக்கு வசதியா இருக்கு. தமிழ்ல இதுக்கு அரை உயரம்னு பேர் வெச்சிருந்தா அந்தப் பையன் குழம்பியே இருக்க மாட்டான்.

அகலத்தை இது தனியா கேக்காது, ஸ்கிரீனோட விகிதத்துலருந்து தானா வரும், முக்காவாசி பேர் மாட்டுறது இங்கதான். அவன் பலகை 8 கட்டம் அகலம், 10 கட்டம் உயரம், ஒரு கட்டம் ஒரு யூனிட். 10ல பாதி 5, சரி. ஆனா போன் 1080க்கு 2400, விகிதம் 0.45, அப்ப 10 உயரத்துக்கு 4.5 அகலம்தான் தெரியும், ரெண்டு பக்கமும் பலகை வெட்டிக்கும். எட்டும் தெரியணும்னா 8ஐ 0.45ஆல வகுக்கணும், 17.78 வரும், அதுல பாதி 8.89. உயரத்துக்கு 5, அகலத்துக்கு 8.89, எது பெருசோ அதைப் போடணும். 3க்கு 4 டேப்லெட்ல இதே கணக்கு 5.33 ஆயிடும், அதனால எண்ணை கையால எழுதாம கேம் ஓடும்போது ஸ்கிரிப்டே கணக்கு பண்ணட்டும். ஓரத்துல காத்தாட இடம் வேணும்னா 8க்கு பதிலா 9, 10க்கு பதிலா 11னு வெச்சுக்கோங்க.

அளவு சரியாகியும் பலகை அரைக் கட்டம் நகந்து நிக்குதுன்னா கேமரா நடுவுல இல்ல. கட்டத்தோட மையம் 0லருந்து 7 வரைக்கும் இருந்தா நடு 3.5தான், 4 இல்ல, அதே மாதிரி உயரத்துல 4.5.

கோடாட், அன்ரியல்னு கேம் பண்ற சாஃப்ட்வேர் வேறயும் இருக்கு. கோடாட் த்ரீடி கேமராக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, அங்க சைஸ்னா முழு அளவு, பாதி இல்ல. அன்ரியல்ல ஆர்த்தோ விட்த்னு முழு அகலத்தைக் கேக்கும்.

யூனிட்டில ஸ்கிரிப்ட் எழுதுற மொழி சி ஷார்ப், அதுல வேரியபிள் பேரைத் தமிழ் எழுத்துலயே வெக்கலாம். அந்தப் பையன் ஸ்கிரிப்ட்ல இப்ப அரைஉயரம்னே இருக்கு.