45.5 என்று எழுதினால் என்ன ஆகும்?

10.0 கிராம் அலுமினியத்தையும் 35.5 கிராம் குளோரின் வாயுவையும் வினைபுரிய விட்டால் அதிகபட்சம் எத்தனை கிராம் அலுமினியம் குளோரைடு கிடைக்கும்? கல்லூரி முதலாண்டு வேதியியலில், கணினியே திருத்தும் இணையவழி வீட்டுப்பாடங்களில் அடிக்கடி வருகிற வகைக் கணக்கு இது. விடை 44.5 கிராம். குளோரின் முதலில் தீர்ந்துவிடும்; ஏறத்தாழ ஒரு கிராம் அலுமினியம் மிஞ்சும்.

இதைத் தப்பாகப் போடுபவர்கள் மனம்போன போக்கில் தப்புச் செய்வதில்லை. ஒருவர் இரண்டு நிறைகளையும் கூட்டி 45.5 என்பார். இன்னொருவர் பொறுப்பாக இரண்டையும் மோலுக்கு (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகுக்கு) மாற்றுவார். அலுமினியம் 0.371, குளோரின் 0.501. குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று முடிவுகட்டி 49.4 என்று எழுதுவார். இரண்டு மோல் அலுமினியத்துக்கு மூன்று மோல் குளோரின் வேண்டும் என்ற விகிதம் அவர் கண்ணில் படவில்லை. போட்டதே 45.5 கிராம், அதிலிருந்து 49.4 எப்படி வந்தது என்றும் அவர் யோசிக்கவில்லை.

ஆக, விடையைப் பார்த்தாலே எந்த இடத்தில் சறுக்கினார் என்று சொல்லிவிடலாம். இணையவழி வீட்டுப்பாடத்தின் உயிர்நாடி இதுதான். கேள்வியை உருவாக்குபவர் சரியான விடையோடு, எதிர்பார்க்கக்கூடிய தப்பு விடைகளுக்கான சூத்திரங்களையும் எழுதி வைக்கிறார். மாணவர் 49.4 என்று தட்டியதும் ‘தவறு’ என்பதோடு நிற்காமல், ‘சமன்படுத்திய சமன்பாட்டில் மோல் விகிதம் என்ன?’ என்று நிரல் திருப்பிக் கேட்கும். தாளில் எழுதிக் கொடுத்தால் திருத்தி வர ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் அந்தக் கணக்கை எப்படி யோசித்தோம் என்பதே மாணவருக்கு மறந்திருக்கும்.

இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. தோராயமாக்கும் இடத்தைப் பொறுத்து விடை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்பதால், கணினி ஒரு வரம்பு வைத்துத்தான் சரி பார்க்கும். இந்தக் கணக்குக்கு 2 சதவீத வரம்பு வைத்தால் 45.4 வரைதான் சரி. 3 சதவீதம் ஆக்கினால் நிறைகளைச் சும்மா கூட்டியவரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். கேள்வியின் எண்களைத் தேர்ந்தெடுப்பது சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ கணினி அமைப்பில், 1970களிலேயே ஸ்டான்லி ஸ்மித் கரிம வேதியியல் பாடங்களை எழுதினார். 1990களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘காப்பா’ என்ற வீட்டுப்பாட நிரல் ஆளுக்கு ஆள் எண்களை மாற்றிக் கொடுத்தது. உங்களுக்கு 10.0 கிராம் அலுமினியம், பக்கத்து இருக்கைக்காரருக்கு 12.6. அவரிடம் விடையைக் கேட்டுப் பயனில்லை, வழியைக் கேட்கலாம். பேசிப் படிப்பதைத் தடுக்காமல் பார்த்து எழுதுவதை மட்டும் கடினமாக்கும் ஏற்பாடு.

எண்ணாக வரும் விடையைத் திருத்துவது இருக்கட்டும். கரிம வேதியியலில் மாணவர் திரையில் ஒரு மூலக்கூறை வரைந்தால் கணினி எப்படித் திருத்துகிறது? ஒரே எத்தனாலை ஆக்சிஜன் இடப்பக்கம் வரும்படியும் வரையலாம், வலப்பக்கம் வரும்படியும் வரையலாம். படத்தோடு படத்தை ஒப்பிட்டால் இரண்டும் வேறு. அதனால் கணினி படத்தைப் பார்ப்பதே இல்லை. எந்த அணு எதோடு எத்தனை பிணைப்பில் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிறகு அணுக்களுக்கு ஒரு நிலையான விதிப்படி வரிசை எண் கொடுக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாலும் ஒரே வரிசைதான் வரும். இதற்கான வழிமுறையை எச். எல். மார்கன் 1965இல் வெளியிட்டார். அவர் நோக்கம் வேதிச்சேர்மங்களை அட்டவணைப்படுத்துவது. வீட்டுப்பாடம் திருத்த அது பின்னாளில் கைகொடுத்தது. பிணைப்புகள் முன்னோக்கியா பின்னோக்கியா என்ற தகவலையும் சேர்த்துக்கொண்டால், ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இன்னொரு மூலக்கூறையும் கணினி வேறுபடுத்திவிடும்.

இவ்வளவும் கற்றலுக்கு உதவுகிறதா? உதவும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் ஓர் உரைநடைப் பகுதியைச் சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். சிலரை ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து மூன்று முறை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு ஏறத்தாழ 61 சதவீதம், திரும்பப் படித்தவர்களுக்கு 40. மூளையிலிருந்து தோண்டி எடுக்கும் முயற்சிதான் நினைவைக் கெட்டியாக்குகிறது. வீட்டுப்பாடம் அந்த முயற்சியை வாராவாரம் கட்டாயமாக்குகிறது.

முயற்சி நடந்தால் மட்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியல் மாணவர்களின் இணைய வீட்டுப்பாடப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. கேள்வியைப் படிக்கவே போதாத நேரத்துக்குள் சரியான விடை வந்தால், அது எங்கிருந்தோ எடுத்தது என்று கொள்ளலாம் அல்லவா? அப்படி எடுத்துப் போட்டவர்கள் ஆரம்பத்தில் திறமை குறைந்தவர்களாக இருக்கவில்லை. கடைசி நேரம் வரை தொடங்காமல் இருந்தவர்கள், அவ்வளவுதான். பருவம் முடிவதற்குள் அதே வகைக் கணக்குகளில் அவர்களுடைய தேர்வு மதிப்பெண் வெகுவாகச் சரிந்தது. பாடத்தில் தோற்கும் வாய்ப்பும் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்புகளைப் பதினோரு ஆண்டுகள் கவனித்தபோது, வீட்டுப்பாடத்தில் வாங்கியதைவிடத் தேர்வில் குறைவாக வாங்கியவர்கள் 2008இல் 14 சதவீதம், 2017இல் 55 சதவீதம். விடைகளை இணையத்தில் தேடி எடுக்க முடிந்ததே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கேள்வியைப் படம் பிடித்தால் படிப்படியாகப் போட்டுத் தரும் செயலிகள் அதன்பின் பெருகிவிட்டன.

எனவே எத்தனை வாய்ப்பு கொடுப்பது, எப்போது விடையைக் காட்டுவது என்பவை நிர்வாக விவரங்கள் அல்ல. நான்கு தெரிவுகள் உள்ள கேள்விக்கு நான்கு வாய்ப்பு கொடுத்தால் அங்கே வேதியியலே இல்லை. வரையறையற்ற வாய்ப்பும் அப்படித்தான், ஊகத்துக்கு விருந்து. ஒவ்வொரு தவறுக்கும் சிறு மதிப்பெண் குறைப்பு, சில முயற்சிகளுக்குப் பிறகு புதிய எண்களோடு அதே கணக்கு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கெடுவை வாரத்துக்கு ஒன்று என்று வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரிப்பதும் நல்லது. கடைசி இரவின் நெருக்கடிதானே பார்த்தெழுத வைக்கிறது!

கணக்கில் தேறியவர் வேதியியல் புரிந்தவர் என்றும் சொல்லிவிட முடியாது. 1987இல் நுர்ரென்பெர்ன், பிக்கரிங் இருவரும் வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர்களிடம் படம் காட்டிக் கேட்டார்கள்: எஃகு உருளையில் உள்ள ஹைட்ரஜனைச் சற்றுக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் எப்படிப் பரவியிருக்கும்? அது இன்னும் வாயுதான், உருளை முழுக்கப் பரவித்தான் இருக்கும். பலர் அங்கே தடுமாறினார்கள். இந்த வகைக் கேள்வியில் எண்ணை மாற்றிப் புதிதாக்க வழியில்லை. ஒருவருக்கு விடை தெரிந்தால் வகுப்புக்கே தெரிந்த மாதிரி. இவற்றை வகுப்பறையில், முகம் பார்த்துக் கேட்பதுதான் தோது.